பெரியவளின் வரி

ஜூன் 9

அன்பு வாலுவுக்கு,

நீ பஸ் ஏறிய அன்றே எழுத உட்கார்ந்தேன். அச்சகத்தில் தலையணை மாதிரி ஒரு சட்டப் புத்தகம் புரூஃப் பார்க்க வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் 'மேற்படி', 'மேற்படி' என்று படித்துப் படித்து, உன் அம்மாவையே மேற்படியாள் என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

வீடு அடங்கிக் கிடக்கிறது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கழுவிக் கொதிக்க வைத்துவிட்டு வந்ததும் முதல் கேள்வி, "அவ சாப்ட்டாளாமா?" உன் விடுதிச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நான் ஒளிந்திருப்பதாக அவளுக்கு நினைப்பு.

உங்கள் விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டது ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் பேசினால் நான் விடையை உளறிவிடுவேன். கணக்கு என் தொழில் இல்லை. நீயும் உன் அக்கா பெரியவளும் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது எனக்கு மட்டும் வேலை இல்லையே என்ற பொறாமையில் கற்றுக்கொண்டது. அதனால் வாய் நிற்காது.

இத்துடன் முதல் தாள். நம் பழைய முறைதான்: ஆளுக்கு ஒரு வரி, தாள் கைமாறிக்கொண்டே இருக்கும். x வர்க்கத்தை e-இன் அடுக்கு x-ஆல் பெருக்கித் தொகையிட வேண்டும். என் வரியை நீல மையில் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே பெரியவளின் வரியை வழக்கம்போலக் காலியாக விட்டிருக்கிறேன். நீ அதைத் தாண்டி எழுது. காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வரியை விட வேண்டும் என்று நீயும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனாலும் விட்டுக்கொண்டுதான் வருகிறோம், இல்லையா?

தூய கணிதத் தாளில் இந்த முறை நீ தேற வேண்டும். போன வருஷம் போனது போகட்டும். மூன்றாவது வாய்ப்பைக் கல்லூரிக்காரர்கள் தர மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். வெந்நீர் குடி.

உன்
அப்பா

ஜூன் 17

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ருசியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அறை சின்னது. இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஒரே ஜன்னல். பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் 'கும்பகர்ணி' என்று பெயர் வைத்திருக்கிறேன். வேதியியல் புத்தகத்தை மூக்கின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்குவாள். கேட்டால், "உள்ள எறங்குது, தொந்தரவு பண்ணாத" என்பாள். நல்லவள்.

உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, அக்காவின் வரி காலி என்று கடிதத்தில் எழுதிவிட்டு, அந்த வரியையும் நீங்களே போட்டு அனுப்பியிருக்கிறீர்களே? அதுவும் பென்சிலால், அவளைப் போலவே வலப்பக்கம் சாய்த்து. உறையைப் பிரித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். திட்டவில்லை, அப்பா. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் இனிமேல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

என் வரியைக் கருப்பு மையில் போட்டு முடித்துவிட்டேன். சின்னக் கணக்கு. அடுத்தது கொஞ்சம் கடிக்கிற மாதிரி அனுப்புங்கள்.

உங்கள்
வாலு

ஜூன் 25

அன்பு வாலுவுக்கு,

எழுத்தைப் பார்த்துப் பிழைப்பவனிடமே கையெழுத்து வித்தை காட்டுகிறாயே, சமர்த்துதான்!

நான் அந்த வரியை எழுதவில்லை. நீல மையில் ஒரு வரி எழுதினேன், உறையில் போட்டேன், ஒட்டினேன். பென்சிலைத் தொடவே இல்லை. தாள் திரும்பி வந்ததும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உன் அம்மா, "என்ன தேடறீங்க?" என்றாள். உப்பு என்றேன். உப்பு என் கண் முன்னால்தான் இருந்தது.

என்னைத் தேற்றத்தான் செய்திருக்கிறாய், புரிகிறது. ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாய். உன் கடைசி வரியின் முடிவில் '+ C' மட்டும் பென்சிலில் இருக்கிறது. உன் அக்கா ஜென்மத்தில் அந்த C-ஐப் போட்டதில்லை. மாறிலியை விட்டுவிட்டு மதிப்பெண் போனதும், "விடை சரிதானேப்பா, வால்தானே இல்ல?" என்று டீச்சர் மேல் பாய்வாள். அவளைப் போல எழுத வேண்டுமென்றால் அவள் தப்பையும் சேர்த்துச் செய்ய வேண்டும், கண்ணே.

அடுத்த தாள், தொகுத்தறிதல் முறையில் நிறுவல். ஒன்றுக்கு உண்மை என்று காட்டு. K-க்கு உண்மையானால் அதற்கு அடுத்ததற்கும் உண்மை என்று காட்டு. பிறகு அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த வகை. உன் அக்காவின் வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். காலியாகவே திருப்பி அனுப்பு.

உன்
அப்பா

ஜூலை 3

அன்புள்ள அப்பா,

அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் எழுதவில்லை. முதல் தாளிலும் இல்லை, C-யும் இல்லை. C போடவே மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். இந்தத் தாளும் என் கைக்கு வரும்போதே நிரம்பித்தான் இருந்தது.

நீங்கள் விளையாடுகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கும்பகர்ணியிடம் காட்டினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே வாங்கியவள் வாயை மூடிவிட்டாள். "உங்க அப்பாவுக்குத் தெரியாம அவரே எழுதறாரோ என்னவோ. எங்க சித்தப்பா தூக்கத்துல கதவு தொறந்து வாசல் வரைக்கும் போவாரு" என்றாள். அப்படியும் இருக்கலாம் இல்லையா? உங்களுக்கே தெரியாமல்?

ஒன்று செய்யலாம். அடுத்த தாளை நீங்கள் ஒட்ட வேண்டாம். அம்மா ஒட்டட்டும். காலி வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு, உறையின் வாயில் அம்மா கையெழுத்துப் போடட்டும். இங்கே கும்பகர்ணி பிரிப்பாள். நான் தொட மாட்டேன்.

கலப்பெண் கணக்கு அனுப்புங்கள். எனக்கு அதுதான் உதறுகிறது.

உங்கள்
வாலு

ஜூலை 11

அன்பு வாலுவுக்கு,

உன் அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்தத் தாள்களை அவள் பார்க்கவே மறுத்தாள். "அப்பனும் பொண்ணும் ஆடுங்க, என்னை விட்டுருங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உன் நாற்காலியில்தான். பெரியவளின் நடு நாற்காலியில் இல்லை.

கணக்கு, ஒன்றின் ஐந்தாம் மூலங்களைப் பற்றியது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் வருகிற பாடம்; இரண்டாம் பாகப் புத்தகம். நான் முதல் வரியை எழுதினேன். கீழே காலி. உன் அம்மா தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கருவியைச் சோதிப்பது போலவே சோதித்தாள். மடித்து, உறையில் வைத்து, ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, தபால் பெட்டியில் அவளே போட்டுவிட்டு வந்தாள்.

வந்து செருப்பைக் கழற்றும்போது, "ஒண்ணும் இருக்காது பாருங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? இருக்க வேண்டுமே என்று ஓடியது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன்
அப்பா

ஜூலை 19

அன்புள்ள அப்பா,

இருந்தது.

அம்மாவின் கையெழுத்து கலையாமல் இருந்தது. கும்பகர்ணிதான் பிரித்தாள். தாளைப் பார்த்துவிட்டு என் கையில் தராமல் மேஜையில் வைத்தாள். உங்கள் வரிக்குக் கீழே பென்சிலில்: 'மூலங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஆகவே அவற்றின் மெய்ப்பகுதிகளின் கூட்டுத்தொகையும் பூஜ்யம்.' நான் அன்று முழுக்க முட்டிக்கொண்டாலும் எனக்குத் தோன்றியிருக்காத வரி.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. இன்னொன்றும் நடந்தது. போன வாரம் இங்கே மாதிரித் தேர்வு. நம் பழக்கம் எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. விடைத்தாளிலும் நடுநடுவே ஒரு வரியை விட்டு விட்டு எழுதியிருக்கிறேன். எனக்கே தெரியாது. திருத்திய தாளைக் கொடுக்கும்போது டியூட்டர், "நல்லாத்தான் போட்டிருக்க. ஒண்ணு விட்டு ஒண்ணு எதுக்குப் பென்சில்ல எழுதற? பென்சில்ல இருந்தா தேர்வுல திருத்த மாட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். சிரித்து வைத்தேன்.

நான் அந்தத் தேர்வுக் கூடத்துக்குப் பென்சிலே கொண்டுபோகவில்லை.

உங்கள்
வாலு

ஜூலை 28

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பயத்தில் இல்லை. உன் அக்கா வந்திருக்கிறாள். வேறு எப்படிச் சொல்ல? இரண்டு வருஷம் அவள் இடத்தை நாம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோம். அதற்குப் பலன் இல்லாமல் போகுமா?

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து பீரோவைத் திறந்து, இரண்டாம் பாகக் கணிதப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரம் பெரியவளுக்காக வாங்கியது. அட்டை போட்டது உன் அம்மாதான். பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியபடியே இருக்கின்றன. "பெரியவ இந்தப் புத்தகத்தைத் தொறக்கவே இல்லையே. அவளுக்கு எப்படிங்க இந்தப் பாடம் தெரியும்?" என்றாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது சொல்லட்டுமா? அங்கேயும் படிக்கிறாள் என்று தோன்றியது. C போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டாள். எந்த அப்பனுக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

நீ பயப்படாதே. உன் அக்கா உனக்கு ஒத்தாசைக்குத்தான் வருகிறாள். இத்துடன் தாள்கள் நிறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உன்
அப்பா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பா,

கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

இது அக்கா இல்லை.

அக்காவுக்கு ஒரு கணக்கை முட்டிக்கொள்ளாமல் முடித்துப் பழக்கமே கிடையாது. முட்டிக்கொண்டால் என்ன செய்வாள்? தன் வரியில் 'அடுத்த ஆள்' என்று எழுதுவாள். அந்த ள்-ஐத் தாளின் ஓரம் வரை இழுத்து, தாளை அப்படியே தலைகீழாகச் சுழற்றி என் பக்கம் தள்ளுவாள். நாம் சிரிப்போம். ஒரு கணக்குக்கு ஒரு தடவையாவது அது இல்லாமல் இருக்காது. இந்தப் பென்சில் இதுவரை ஒரு தடவைகூட முட்டிக்கொள்ளவில்லை. அடித்துத் திருத்தவில்லை. ஒரு கிண்டல் இல்லை. எனக்கு 'மூக்கி' என்று அவள் வைத்த பெயரை ஓரத்தில் ஒரு தடவை எழுதியிருக்கலாமே?

இரண்டாவது மாதிரித் தேர்வில், ஒரு தொகையீட்டை நான் பிரதியிடல் முறையில் ஆரம்பித்தேன். என் வரியைத் தாண்டிக் கீழே பார்த்தால் பென்சில் வேறு வழியில் போயிருக்கிறது. நான் விட்டது ஒரு வரி. அது இரண்டு வரி எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த வழி புரியவில்லை. ஆனால் என் கை அதன் பின்னாலேயே போயிற்று. அது எழுத, நான் பார்த்து எழுதும் உதவியாள் மாதிரி ஆகிவிட்டேன். தேர்வில் அது வந்தால் நான் தேறுவேனா, அது தேறுமா? வராவிட்டால் நான் என்ன செய்வேன்? நீங்கள் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததெல்லாம் எனக்கே மறந்துகொண்டு வருகிறது, அப்பா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்றிலிருந்து நான் இடம் விடாமல் எழுதப் போகிறேன். நீங்களும் விடாதீர்கள். நான் கேட்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

உங்கள்
வாலு

ஆகஸ்ட் 13

வாலுவுக்கு,

கேட்பது என்னவென்று உனக்குத் தெரியாது. பெற்றவனிடம், உன் மகளை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்து என்கிறாய். வெளியே ஒரு தடவை போனவள்தானே, இன்னொரு தடவை போகட்டும் என்கிறாயா?

அவள் கிண்டல் செய்யவில்லையாம். போன இடத்தில் பிள்ளை கொஞ்சம் அடங்கியிருக்கக் கூடாதா? உனக்கு வேண்டாம் என்றால் விடு. உன் தாள்களை எனக்குத் திருப்பி அனுப்பு. நான் அவளோடு போட்டுக்கொள்கிறேன்.

அவள் கணக்கு மட்டும்தான் எழுதுகிறாள் என்கிறாய். நாம் கணக்கு மட்டும்தானே கொடுத்தோம்? இதோ, உன் கண் முன்னாலேயே கேட்கிறேன். கீழே ஒரு வரி விடுகிறேன். உன் கைக்கு வரும்போது அவள் பதில் இருக்கும். அதைப் படித்த பிறகு எனக்கு எழுது.

பெரியவளே, என் செல்லமே, எப்படியம்மா இருக்கிறாய்?



அப்பா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பா,

பதில் இருந்தது. அந்தக் கடிதத்தையே, நீங்கள் கேட்ட தாள்களோடு சேர்த்து, இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். நான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும்.

நீங்கள் 'செல்லமே, எப்படியம்மா இருக்கிறாய்' என்று கேட்டதற்குக் கீழே பென்சிலில் எழுதியிருப்பது இதுதான்:

'ஆகவே, பூஜ்யம்.'

அதற்குக் கீழேயும் உங்கள் கடிதத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஒரு புதிய கணக்கின் முதல் வரி. நீங்கள் கொடுக்காத கணக்கு. அதற்கு அடுத்த வரி காலியாக விடப்பட்டிருக்கிறது. நமக்காக.

நான் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள் அப்பா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அதற்கு நம்மைத் தெரியாது. நீங்கள் கேட்டது கேள்வி என்றுகூட அதற்குத் தெரியவில்லை. உங்களை அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும் போலிருக்கிறது. தேர்வு முடியும்வரை ஊருக்கு விட மாட்டார்கள்.

உங்கள்
வாலு

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பா,

நீங்கள் பதில் எழுதவில்லை. தினமும் விடுதி வாசலில் தபால்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அம்மா மட்டும் ஓர் அட்டை போட்டிருந்தாள்: "சாப்பிடு. எழுது. அப்பாவை நான் பாத்துக்கறேன்." அம்மா எழுதி நான் பார்த்த முதல் கடிதம்.

இன்று தூய கணிதத் தாள் முடிந்தது.

இடம் விடாமல் எழுதினேன். சுலபமாக இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் கை தானாக ஒரு வரி இறங்கப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றுவேன். வலப்பக்கத்து நாற்காலி காலி, யாரோ வராதவர். அந்தப் பக்கத்திலிருந்து தாளில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பவில்லை. நிறுவல் போட்டேன், கலப்பெண் போட்டேன், எல்லாம் என் புத்தியில் வந்த வழியில். கோணல்மாணலாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்து எழுதியது.

கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். சுழியிலிருந்து பை வரை ஒரு தொகையீடு. மேலே x-உம் சைனும், கீழே ஒன்றும் கொசைன் வர்க்கமும். பகுதித் தொகையிடல் செய்தால் இன்னும் சிக்கலாகிறது. பிரதியிடல் செய்தால் x போக மறுக்கிறது. மணி வேறு நெருங்குகிறது. அப்போது, அப்பா, நான் தோற்றுவிட்டேன். உங்களுக்கு அவ்வளவு உபதேசம் செய்த நான், ஒரு வரி விட்டேன். வரட்டும், எழுதிவிட்டுப் போகட்டும், நான் தேறினால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உரசல் சத்தம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தபோது அந்த வரியில் எழுதியிருந்தது. பென்சில் இல்லை. என் பேனா, என் கருப்பு மை.

'அடுத்த ஆள்.'

ள்-இன் வால் தாளின் ஓரம் வரை போயிருந்தது.

அந்தக் கூடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் அப்பா. கூடவே அழுகையும் வந்தது. அவளுக்கு இந்தக் கணக்கு தெரியாது! எப்படித் தெரியும், புத்தகத்தையே திறக்கவில்லையே! தெரியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். என் கை பழைய பழக்கத்தில் தாளைத் தலைகீழாகச் சுழற்றிவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் ஓடி வந்து, "என்னம்மா, பேப்பரைத் தலைகீழா வெச்சுட்டு உக்காந்திருக்க? ஒடம்புக்கு முடியலையா?" என்றார். நான் தாளைப் பார்த்தபடியே இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பை முதலில் வருகிறது, சுழி கடைசியில் வருகிறது. மறுமுனையிலிருந்து ஆரம்பித்தால் என்ன? x இருக்கும் இடத்தில் பை கழித்தல் x போட்டேன். இரண்டையும் கூட்டினேன். அடம்பிடித்துக்கொண்டிருந்த x காணாமல் போயிற்று. மீதியை மணி அடிப்பதற்குள் முடித்தேன். விடை, பை வர்க்கத்தில் நாலில் ஒரு பங்கு.

'அடுத்த ஆள்' என்பதை அடித்துவிட வேண்டியிருந்தது. விடைத்தாளில் வேறு எதுவும் இருக்கக் கூடாதாம். ஒரே ஒரு கோடுதான் போட்டேன், படிக்கும்படியாக.

எனக்குப் பதில் எழுதுங்கள்.

உங்கள்
மூக்கி

செப்டம்பர் 17

என் அன்பு மூக்கிக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. பயம்தான். நீ திருப்பி அனுப்பிய கடிதத்தில் அந்தப் 'பூஜ்ய'த்தைப் பார்த்த பிறகு, எதையாவது எழுதி எங்கேயாவது ஒரு வரி விட்டுப்போய்விடுமோ என்று பேனாவையே தொடவில்லை. இந்தக் கடிதத்தை வரி வரியாக நெருக்கி எழுதுகிறேன். படிக்கக் கஷ்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாத் தாள்களையும் அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, வேற்றார் வீட்டுக் கையெழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டியவன். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணில் படும். இது படவில்லை, படக்கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேன். முதல் தாளில் எழுத்து கொஞ்சம் தடுமாறுகிறது. சாய்வு பெரியவளுடையது. ஆனால் அதில் இருக்கும் 'க' என்னுடைய 'க'. 'ஆகவே'யின் வளைவு உன்னுடையது. தாளுக்குத் தாள் தடுமாற்றம் குறைந்து, கடைசியில் சரளமாகிவிட்டது. அது எதுவோ, நம் பழைய தாள்களையும் கடிதங்களையும் பார்த்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை வாரமும் அதைத்தான் நான் செல்லமே என்று கூப்பிட்டிருக்கிறேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "காலியா வெச்சிருந்தா யாராவது வந்து உக்காரத்தான் செய்வாங்க. அவ இடம்னு நாம நினைச்சோம். வந்தவங்களுக்கு அது தெரியுமா?" என்றாள். பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தாள். கல்யாணம் ஆன புதிதில் செய்தது, அப்புறம் இப்போதுதான்.

நீ தேர்வு எழுதிய அன்று காலை, ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். எல்லாத் தாள்களிலும் மிச்சம் இருந்த காலி வரிகளின் மேல் நீல மையில் கோடு போட்டு அடைத்தேன். ஒவ்வொன்றும் என் பெண்ணின் இடம். அழுதுகொண்டேதான் போட்டேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? அன்றுதான் உன்னிடம் அவள் வந்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. என்னிடம் ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் பொறாமைப்பட்டேன். பிறகு அந்த ஒற்றைக் கோட்டை நினைத்துக்கொண்டேன். நீ நல்ல பிள்ளை.

அடைத்து முடித்த தாள்களை என் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது அந்த அடுக்கு மேஜையில் நகர்ந்து, நடு நாற்காலிக்கு முன்னால் இருந்தது. மேல் தாள் அந்த நாற்காலியின் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. "காத்தா இருக்கும்" என்றாள் உன் அம்மா. ஜன்னல் சாத்தியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை; அவளும் என்னிடம் சொல்லவில்லை. தாள்களைத் தோட்டத்தில் போட்டு எரித்தோம். நடு நாற்காலியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.

விடுமுறைக்கு வா. மேஜையில் இரண்டு நாற்காலிதான். உன் அம்மா மூன்றாவதாக ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பகுதித் தொகையிடல் என்றால் என்னவென்று கேட்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தால் சண்டைதான் வரும். நீ வந்து சொல்லிக்கொடு.

இத்துடன் ஒரு புதிய தாள் வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்த பிறகும் எதற்கு என்பாய். எனக்கு வேண்டியிருக்கிறது. முதல் வரி என்னுடையது. அதற்கு நேர் கீழே, இடம் விடாமல், நீ எழுது.

உறையை ஒட்டுவதற்கு முன் நானும் உன் அம்மாவும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம். தாளில் ஒரு வரிதான் இருக்கிறது. உன் கைக்கு வரும்போது இரண்டு வரி இருந்தால் எனக்குப் பதில் எழுதாதே.

உன்
அப்பா